நோவு குறைந்த ஊசி

ஊசி ஏற்றும் நாளிலே வகுப்பிற் பாதி வாங்குகள் வெறுமையாய்க் கிடந்தமையைப் பழைய மாணவர் மறந்திரார். யானும் ஒளித்தவனே, ஆதலின் அஞ்சியோரை இகழேன். இன்சுலின் ஏற்கும் நீரிழிவு நோயாளரோ அந்நோவை நாடோறும் தம் கையாலேயே ஏற்கின்றனர். அன்னார்பொருட்டு 2005ஆம் ஆண்டில், 0.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள நுனியை நோக்கி ஒடுங்கும் ஊசியொன்று யப்பானில் விற்பனைக்கு வந்தது.

இதனினும் புதுமையானது நுண்ணூசி. தோலின் மேற்படை இறந்த கலங்களாலாயது, அதில் நரம்பில்லை. மருந்தை உட்புகவிடாது தடுப்பதும் அப்படையே. அதனை மட்டும் துளைத்தால் நோவு பெரிதும் குறையுமன்றோ? 1998இல் அமெரிக்காவின் யோர்ஜியாத் தொழினுட்பக் கழகத்தார் இவ்வழியைச் சோதித்துக் காட்டினர். இக்காலத்தே, ஒரு மில்லிமீற்றரினும் குறுகிய முனைகள் பலவற்றை, மருந்தைச் சீனி முதலியவற்றோடு கலந்து, ஒட்டுத்துண்டொன்றில் வார்க்கின்றனர். தோலில் அழுத்தியதும் அவை சில நிமிடங்களிற் கரைந்துவிடும். எறிதற்கு ஊசியும் எஞ்சாது.

காம்பியா நாட்டில் நிகழ்ந்து 2024இல் வெளியான ஆய்வொன்றில், இவ்வாறு சின்னமுத்து, றுபெல்லாத் தடுப்புமருந்து பெற்ற குழந்தைகளிடத்து, ஊசி ஏற்றியோர்க்கு ஒப்பான எதிர்ப்பாற்றல் தோன்றியது. எனினும் அம்முனைகள் தாங்கும் மருந்து மிகச் சிறிதே. பெருமளவில் ஏற்றவேண்டிய மருந்துகளுக்குப் பழைய ஊசியே இன்றும் வேண்டப்படுகின்றது.