அந்தக் காயம் எப்படி வந்தது?

சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்கிறாள் மகள். கேட்டால் பூனை பிறாண்டிவிட்டதாம். வீட்டில் பூனையே கிடையாது. முன்கையிலோ தொடையிலோ ஒரே திசையில் அடுத்தடுத்து ஓடும் கோடுகள், பழையது ஆறுமுன் பக்கத்திலேயே புதியது என்றிருந்தால், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறாளோ என்று யோசிக்க வேண்டும். விபத்தில் பட்ட காயம் இத்தனை ஒழுங்காக விழாது. மனச்சோர்வோ பதற்றமோ உள்ள பதின்வயதினர் பலர் சாக நினைத்து இதைச் செய்வதில்லை. தாங்க முடியாத மனவேதனையைச் சற்று நேரம் அடக்கப் பார்க்கிறார்கள். ஆனாலும் பின்னாளில் தற்கொலை ஆபத்து இதனால் கூடுகிறது. 'சீன் போடுறா' என்று ஒதுக்கிவிட முடியாது.

எல்லாக் காயமும் மனவேதனையால் வருவதில்லை. ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத குழந்தை திடீரெனத் தலையைச் சுவரில் முட்ட ஆரம்பித்தால் முதலில் பல், காது, வயிறு மூன்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சொத்தைப்பல் வலியை அது வேறெப்படிச் சொல்லும்?

'அவனே பண்ணிக்கிட்டான்' என்பது அடித்தவருக்கு வசதியான பதிலும்கூட. முதுகில் வரிவரியான தடம், காதுக்குப் பின்னால் கன்றல், கன்னத்தில் விரல்கள் பதிந்த அடையாளம் இருந்தால், மனநலச் சிக்கல் உள்ள பிள்ளைதானே என்று அந்தப் பதிலை நம்பிவிடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தந்தே ஆகவேண்டும்.

பிள்ளை தானே செய்துகொண்டதுதான் என்றால், திட்டுவதும் 'இனி செய்ய மாட்டேன்' என்று சத்தியம் வாங்குவதும் காயத்தை இன்னும் மறைவான இடத்துக்குத்தான் தள்ளும். எப்போது இப்படித் தோன்றுகிறது என்று கேளுங்கள். 'செத்துடலாம்னு தோணுதா?' என்றும் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்தே பலர் மருத்துவமனைக்குப் போவதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. தண்டிக்கச் சொல்லவில்லை. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கவும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தால், பதினெட்டு வயதுக்குட்பட்டவரைப் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது. பிள்ளையின் பிரதிநிதியான பெற்றோரோ பாதுகாவலரோ, அல்லது அவர் நியமிக்கும் ஒருவரோ உடன் தங்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. 'நீங்க வெளியில இருங்க' என்று யாராவது சொன்னால் 87-ஆவது பிரிவைக் காட்டிக் கேளுங்கள்.