காற்றற்ற வெளியில் பொருள்களின் வீழ்ச்சி: நிலவு மோதுகலனை முன்வைத்து ஒரு விளக்கம்

கனமான பொருள் விரைந்து விழும், இலேசான பொருள் மெல்ல விழும் என்னும் கருத்து அன்றாடக் காட்சியில் வேரூன்றியது. சிங்காநல்லூர்ப் பகுதித் தோட்டக் கிணறு ஒன்றில் 20 மீட்டர் கீழே நீர் நிற்பதாகக் கொள்வோம். அதனுள் போடும் கல் ஏறத்தாழ 2 விநாடிகளில் நீரைத் தொடும். வேப்பிலையோ சுழன்று சுழன்று தாழ்ந்து இறங்கும். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் காற்றின் தடையே, ஈர்ப்பு அன்று. நிறை இருமடங்கானால் ஈர்ப்பு விசையும் இருமடங்காகும். அவ்விசை முடுக்க வேண்டிய நிறையும் இருமடங்காகிவிடுவதால் முடுக்கம் மாறுவதில்லை. கோவைப் பகுதியில் அதன் மதிப்பு விநாடிக்கு விநாடி ஏறத்தாழ 9.78 மீட்டர்.

இங்கு ‘நிறை’ என்றது தமிழகப் பாடநூல் வழக்கு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைத் ‘திணிவு’ என வழங்கி, ‘நிறை’ என்பதை எடைக்கு ஆள்கின்றன. இருவகை நூல்களையும் ஒருங்கு பயில்வோர் இதனைக் கருதாவிடின் மேற்கண்ட விளக்கமே தடுமாறும்.

காற்றில்லா வீழ்ச்சிக்குக் கொங்கு நாட்டோடு தொடர்புடைய சான்று ஒன்றுண்டு. சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் பிறந்து கோவையில் பொறியியல் பயின்றவர். 2008 நவம்பர் 14 அன்று அவ்விண்கலத்திலிருந்து 100 கிலோமீட்டர் உயரத்தில் பிரிந்த நிலவு மோதுகலன், சுமார் 25 நிமிடங்களுக்குப் பின் நிலவின் தென்துருவத்தை ஒட்டிய ஷேக்கிள்டன் பள்ளத்தருகே மோதியது.

நிலவுப் பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் 1.62 மீட்டர் மட்டுமே. ஆயினும் அவ்வுயரத்தில் அசைவின்றி நிறுத்தி விடப்படும் பொருள் ஏறத்தாழ 6 நிமிடங்களில் தரையை எட்டிவிடும். அங்கே தடுக்கக் காற்றும் இல்லை. எனில், எஞ்சிய நேரம் எதற்கு?

விடை, கலனின் கிடைத்திசை வேகத்தில் உள்ளது. சமதளத்தில் கிடையாக எறிந்த கல்லும் கைவிட்ட கல்லும், காற்றுத் தடை இல்லையெனில், ஒரே நேரத்தில் தரை சேரும். அங்குக் கிடைவேகம் வீழ்ச்சி நேரத்தை மாற்றாது. ஆனால் கலன் விநாடிக்கு ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்தது. அது கீழே விழ விழ, நிலவின் வளைந்த பரப்பும் கீழ்நோக்கி விலகிச் சென்றது. சுற்றிவருதல் என்பதும் தரையைத் தொடாத வீழ்ச்சியே. பிரிந்த பின் கலனின் சிறு உந்துபொறி அவ்வேகத்தைச் சற்றே குறைத்தமையால்தான் பாதை தாழ்ந்து தரையைச் சந்தித்தது. ஈர்ப்பு புதிதாகத் தொடங்கவில்லை. முன்னரும் அதே ஈர்ப்புதான்.

கலனின் நிறை ஏறத்தாழ 35 கிலோகிராம். அது 350 கிலோகிராமாக இருந்து, அதே அளவு வேகக்குறைப்பைப் பெற்றிருப்பினும், அதே 25 நிமிடங்களே ஆகியிருக்கும்.