நடுக்குவாத நோயும் தேகப் பயிற்சியும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால், கூலிப் பதிவேட்டில் முதிய அங்கத்தினர் சிலரின் கையொப்பம் ஆண்டுக்காண்டு சிறுத்து வருவதை நாம் கண்டதுண்டு. முதுமை என்று அதனைத் தள்ளிவிடுகிறோம். சிலருக்கு அது நடுக்குவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். 1817-இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தமையால் அவர் பெயராலேயே வழங்கும் நோய் இது. மூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் குன்றுவதால் நடுக்கமும் இறுக்கமும் தள்ளாட்டமும் உண்டாகின்றன.

நோயாளியைக் கட்டிலை விட்டு இறங்க விடாதிருப்பதே அன்பு என வீட்டார் பலர் கருதுகின்றனர். அசையாத உடல் மேலும் இறுகுமேயன்றி இளகாது. வாரத்திற்கு 150 நிமிடப் பயிற்சி வேண்டுமென்று அமெரிக்கப் பார்க்கின்சன் அறக்கட்டளை 2021-இல் பரிந்துரைத்தது. வைத்தியரைக் கேட்டு, சிறிது சிறிதாக அந்த அளவை எட்டலாம். மருந்தின் பலன் நன்கு தெரியும் வேளையே பயிற்சிக்கு உகந்தது.

நடக்கையில் திடீரெனப் பாதம் தரையில் ஒட்டினாற்போல் நின்றுவிடுவதே பெருந்தொல்லை. அப்போது கையைப் பற்றி இழுக்கலாகாது. இழுத்தால் உடல் முன்செல்லும், கால் செல்லாது. நின்று, மூச்சுவிட்டு, உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி, "ஒன்று, இரண்டு" என்று உரக்க எண்ணிப் பெரிய அடியாக வைக்கச் செய்க. தரையில் குறுக்கே சுண்ணாம்புக் கோடுகள் இட்டு, அவற்றைத் தாண்டி நடக்கச் சொல்வதும் பயன் தரும். தானே நிகழும் நடையை இந்நோய் கெடுக்கிறது. நினைந்து வைக்கும் அடியை அவ்வளவு கெடுப்பதில்லை. தாளம் தப்பாமல் தறி மிதித்த நெசவாளருக்கு எண்ணி நடப்பது எளிதில் கைவரும் என்பது நமது எண்ணம்.

சில அடிகளே நடக்க இயன்ற ஒருவர் சைக்கிளில் ஏறியதும் தடையின்றி ஓட்டியதை நெதர்லாந்து வைத்தியர்கள் 2010-இல் வெளியிட்டனர். அதற்காகச் சாலையில் சைக்கிள் விடுமாறு நாம் கூறவில்லை. ஓரிடத்தில் நிலையாக நிறுத்திய சைக்கிளை மிதித்தால் போதும்.

சாய்ந்து எழும் பயிற்சிக்குக் கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுக. இந்நோயிலும் அதன் மருந்துகளாலும் எழுந்தவுடன் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றுவதுண்டு. ஆதலின் சற்று அமர்ந்திருந்து பின் எழுக. திரும்புகையில் நின்ற இடத்திலேயே சுழலாமல் வளைந்து திரும்புக. நடக்கையில் பேச்சும் சுமையும் வேண்டா. விவசாயிகள் வரப்பில் நடப்பதைப் பயிற்சியாகக் கொள்ளலாகாது. களம் போன்ற சமதரையே ஏற்றது.

விழுந்ததை மறைப்போர் நம்மில் மிகுதி. ஒருமுறை விழுந்தாலும் அதனை வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும். மருந்தின் அளவையோ பயிற்சியையோ அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.