உரிமம் முடிந்த மறுநாள்: அரசாங்கக் கொள்முதலும் கணினிப் பாதுகாப்பும்

கணினித் துறையில் படிக்கிறேன் என்று சொன்னால், "அப்படின்னா ஹேக்கரெல்லாம் பிடிப்பியா?" என்று கேட்கும் மாமா ஒருவர் நம் எல்லார் வீட்டிலும் இருப்பார். ஆறு மாதத் தொழிற்பயிற்சியில் நான் ஒரு ஹேக்கரையும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் விலைப்பட்டியல்களும் தேதிகளும்தான். அரசாங்க அலுவலகங்களுக்குக் கணினிப் பாதுகாப்பு உரிமங்களைப் புதுப்பித்துத் தரும் சிறிய நிறுவனம் அது. பெயர் இங்கே தேவையில்லை. முதல் வாரம் சலிப்பாக இருந்தது. போகப் போகத்தான், அரசாங்கக் கணினிகளின் பாதுகாப்பு பெரும்பாலும் இந்தச் சலிப்பூட்டும் தாள்களில் முடிவாகிறது என்பது புரிந்தது. கவிதைகளுக்கும் சிறுகதைகளுக்கும் நடுவே இந்தக் கட்டுரை எதற்கு என்று முகம் சுளிக்காதீர்கள், நண்பர்களே! நம்முடைய அடையாள அட்டை விவரமும் மருத்துவமனைப் பதிவும் வருமான வரிக் கணக்கும் இருப்பது அந்தக் கணினிகளில்தானே.

புதுப்பித்தல் என்றால் எதை வாங்குகிறோம்? ஓர் அலுவலகத்தின் வலையமைப்புக்கும் இணையத்துக்கும் இடையில் தீச்சுவர் என்னும் கருவி நிற்கிறது. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சோதிக்கும் காவலாளி அது. கருவியை ஒருமுறை வாங்கினால் சில ஆண்டுகள் உழைக்கும். ஆனால் காவலாளிக்குத் திருடர்களின் படம் நாள்தோறும் வந்துகொண்டே இருக்க வேண்டும். நேற்றுப் பிறந்த நச்சுநிரலின் அடையாளம் இன்று கைக்கு வராவிட்டால், அவர் அதற்குச் சலாம் போட்டு உள்ளே அனுப்பிவிடுவார். அந்தப் படங்களுக்குத்தான் ஆண்டுச் சந்தா. அதோடு, கருவியின் மென்பொருளிலேயே கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கான திருத்தங்கள், கருவி பழுதானால் மாற்றுக் கருவி, நள்ளிரவில் அழைத்தாலும் பதில் சொல்லும் பொறியாளர் ஆகியவையும் சேர்ந்ததே ஆதரவு ஒப்பந்தம்.

உரிமம் முடிந்த மறுநாள் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது! சாலை வரியும் காப்புறுதியும் முடிந்த காரும் ஓடத்தான் செய்கிறது. பெட்ரோல் நிலையத்தில் யாரும் கேட்பதில்லை. அதுபோலவே தீச்சுவரின் விளக்கு பச்சையாகவே எரியும், மின்னஞ்சல் வரும், இணையத்தளம் திறக்கும். வெளியே எதுவும் மாறாததால் மேலிடத்தில் யாருக்கும் அவசரம் தோன்றுவதில்லை. கூரை ஒழுகினால் மறுநாளே ஆள் வருவார். இது ஓசையில்லாமல் ஒழுகுகிற கூரை.

இனி, வாங்கும் முறைக்கு வருவோம். நம் நாட்டில் அரசாங்கக் கொள்முதல் 1957-ஆம் ஆண்டின் நிதி நடைமுறைச் சட்டத்தையும் நிதியமைச்சின் கருவூல விதிகளையும் ஒட்டி வளர்ந்தது. சிறு தொகை என்றால் நேரடியாக வாங்கலாம். அதற்கு மேல் ‘செபுட் ஹார்கா’ எனப்படும் விலைக்குறிப்பு. பெருந்தொகை என்றால் டெண்டர். நிதியமைச்சில் பதிவு பெற்ற நிறுவனங்கள் இ-பெரோலேஹான் என்னும் இணைய முறையின் வழி இவற்றில் பங்கெடுக்கின்றன. இந்த விதிகளை நான் குறை சொல்ல வரவில்லை. பொதுப்பணம் தெரிந்தவர் பைக்குள் போகாமல் இருக்கப் போட்டி வேண்டும்.

ஆனால் நாற்காலிக்குப் பொருந்தும் போட்டி உரிமத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஓர் அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் தீச்சுவர் இருக்கிறது என்றால், அதற்கான சந்தாவை அந்தத் தயாரிப்பாளரால்தான் தர முடியும். போட்டியிடுபவர்கள் எல்லாரும் இடைநிலை விற்பனையாளர்களே. அவர்களும் பெரும்பாலும் ஒன்றிரண்டு மொத்த விநியோகஸ்தர்களிடமே விலை கேட்கிறார்கள். இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. இந்தத் தொழிலில் ‘டீல் ரெஜிஸ்ட்ரேஷன்’ என்றொரு வழக்கம் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் தேவையைத் தயாரிப்பாளரிடம் முதலில் பதிவு செய்கிற விற்பனையாளருக்குக் கூடுதல் கழிவு கிடைக்கும். பின்னால் வருபவர்கள் எவ்வளவு முயன்றாலும் அவர் விலைக்குக் கீழே இறங்குவது கடினம். மேசைமேல் மூன்று விலைக்குறிப்புகள் இருக்கும். மூன்றும் ஒரே கிணற்றில் இறைத்த தண்ணீராக இருக்கும்.

விலையைவிடப் பெரிய சிக்கல் தேதி. அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. செலவழிக்காத ஒதுக்கீடு அதோடு காலாவதியாகும். புதிய ஒதுக்கீடு அலுவலகத்தின் கைக்கு வந்த பிறகே புதிய ஆணை எழுத முடியும். உரிமத்துக்கு இந்த நாட்காட்டி தெரியாது. நான் பார்த்த கோப்பு ஒன்றில் உரிமம் ஜனவரி நடுவில் முடிந்தது. விலைக்குறிப்பு கேட்டார்கள். வந்தவற்றுள் ஒன்றில் ஓர் ஆவணம் குறைந்தது, இன்னொன்றில் பொருளின் குறியீட்டு எண் தவறு. மறுபடியும் கேட்டார்கள். ஆணை வெளிவந்தபோது ஏழு வாரம் ஓடியிருந்தது. அந்த ஏழு வாரமும் தீச்சுவர் பழைய படங்களை வைத்துக்கொண்டுதான் காவல் காத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், பல தயாரிப்பாளர்கள் புதிய சந்தாவைப் பணம் கட்டிய நாளிலிருந்து கணக்கிடுவதில்லை. பழையது முடிந்த நாளிலிருந்தே தொடங்குவார்கள். பாதுகாப்பு இல்லாத ஏழு வாரத்துக்கும் சேர்த்துத்தான் மக்கள் பணம் போனது. அந்த அலுவலகத்து அதிகாரியை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் ஒரு விதியையும் மீறவில்லை. பாவம், வாரம் இருமுறை எங்கள் அக்காவை அழைத்து, "இன்னும் ஒரு வாரம் தாங்குமா?" என்று கேட்பார்.

தாங்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் பாடம் சொல்கிறது. அங்கே நடந்ததை அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் முழுமையாக ஆராய்ந்து 2017 அக்டோபரில் வெளியிட்டது. அதனால் அதை ஊகமில்லாமல் பேச முடிகிறது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8-இல் நிறுத்தியது. பிரிட்டன் அரசாங்கத்தில் அப்போதும் ஏராளமான எக்ஸ்பி கணினிகள் இருந்தன. ஆகவே ஏறக்குறைய 55 லட்சம் பவுண்டு கொடுத்து, பொதுத்துறை முழுவதற்கும் ஓராண்டுத் தனி ஆதரவை வாங்கினார்கள். 2015-இல் அந்த ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. வேண்டியவர்கள் தனித்தனியே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். 2017 மே 12-இல் வானாக்ரை என்னும் பணயத் தீநிரல் உலகைத் தாக்கியது. இங்கிலாந்தில் தேசியச் சுகாதாரச் சேவையின் 236 மருத்துவ நிர்வாக அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 19,000-க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. மொத்தச் செலவு 9 கோடியே 20 லட்சம் பவுண்டு என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை 2018-இல் கணக்கிட்டது.

உரிமத்தை நீட்டிக்காததால் வந்த வினை என்று இதைப் பலரும் சுருக்கிச் சொல்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. தாக்கப்பட்ட மருத்துவமனைக் கணினிகளில் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7. அதற்கு ஆதரவு இருந்தது! வானாக்ரை நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14-இலேயே வெளியிட்டுவிட்டது. அதை நிறுவச் சொல்லி மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கை அனுப்பப்பட்டிருந்தது. திருத்தம் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், இணையத்தை நோக்கிய தீச்சுவர்களை ஒழுங்காக நிர்வகித்திருந்தாலே தொற்றிலிருந்து தப்பியிருக்கலாம் என்றும் தணிக்கை அறிக்கை சொன்னது. மருந்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் காய்ச்சல் இறங்குமா?

ஆக, கொள்முதல் கோப்பில் விலைக்கு ஒரு கட்டம் இருப்பதுபோல், வரும் திருத்தங்களை யார், எத்தனை நாளுக்குள் நிறுவுவார் என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும் என்பது என் கருத்து. போட்டியையும் புதுப்பிக்கும் நேரத்தில் நடத்திப் பயனில்லை. கருவியை முதன்முதலாக வாங்கும்போது, எல்லாத் தயாரிப்பாளர்களும் களத்தில் நிற்கும் அந்த ஒரே தருணத்தில், ஐந்தாண்டுச் சந்தாவையும் சேர்த்து விலை கேட்க வேண்டும். கருவி மலிவு, சந்தா யானை விலை என்கிற தந்திரம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். பல உரிமங்களின் முடிவுத் தேதியை ஒன்றாக்கி, ஆண்டின் நடுப்பகுதிக்கு நகர்த்திக்கொள்ளவும் தயாரிப்பாளர்கள் பொதுவாக இடம் தருகிறார்கள். கேட்டால்தான் தருவார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் நகர்ந்திருக்கிறது. 2024 ஆகஸ்டு 26-இல் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், முக்கியத் தகவல் கட்டமைப்புகளை வைத்திருப்போர் ஆண்டுக்கு ஒருமுறையாவது இடர் மதிப்பீடும், ஈராண்டுக்கு ஒருமுறையாவது தணிக்கையும் செய்ய வேண்டும் என்கிறது. அரசாங்கக் கொள்முதலுக்கென்றே ஒரு தனிச் சட்ட மசோதா 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. இரண்டும் நல்லதே. ஆனாலும் ஜனவரி நடுவில் முடியும் உரிமத்துக்கு யாராவது ஒருவர் அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே கோப்பைத் திறந்தாக வேண்டும்.

அடுத்த சோதனை தொடங்கியும்விட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. மேலும் திருத்தங்கள் வேண்டும் என்கிற நிறுவனங்களுக்கு மைக்ரோசாப்ட் அறிவித்த விலை, கணினி ஒன்றுக்கு முதலாண்டு 61 அமெரிக்க டாலர். அது ஆண்டுதோறும் இரட்டிப்பாகும். மூன்றாண்டுக்கு மேல் கிடையாது. இரண்டாம் ஆண்டில் சேர்பவர் முதலாண்டுப் பணத்தையும் சேர்த்தே கட்ட வேண்டும். ஒரு கணினிக்கு மூன்றாண்டுக்கு 427 டாலர். உங்கள் புலத்துக் கணினிக் கூடத்தில் எத்தனை விண்டோஸ் 10 கணினிகள் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.