பெற்றவளைப் பழிக்காதீர்கள்!



உங்கள் வீட்டுச் சிறுவன் சுஜூதிலிருந்து எழுந்து நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சுகதேகியான பிள்ளை துள்ளி எழும்பும். சில பிள்ளைகளோ இரு கைகளையும் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, தொடையில் கைவைத்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் மெல்ல நிமிர்வார்கள். சோம்பல் என்று நினைத்து நாம் அதட்டுகிறோம். 1879இல் ஆங்கில வைத்தியர் கவர்ஸ் இதை விவரித்து எழுதினார். தசை நலிவு நோயின் முக்கிய அடையாளம் இது.

அடிக்கடி விழுதல், குதிக்கால் படாமல் நுனிக்காலில் நடத்தல், படியேறத் திணறல், கெண்டைக்கால் வழமைக்கு மாறாகப் பருத்திருத்தல் ஆகியவையும் அறிகுறிகளே. பருத்த காலைப் பார்த்து "பிள்ளை நல்ல பலசாலி" என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

என்ன நடக்கிறது?

இந்நோயில் பல வகைகள் உண்டு. பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது 'டுசேன்' வகை. ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவரை அது பிடிக்கிறது. தசை சுருங்கி விரியும்போது கிழியாமல் காப்பது டிஸ்ட்ரோபின் என்னும் புரதம். அதை உண்டாக்கும் மரபணு பழுதானால் தசை சிறிது சிறிதாக அழிந்து, அவ்விடத்தில் கொழுப்பும் நாரும் நிறைகின்றன. சிகிச்சை இல்லாவிட்டால் 12 வயதளவில் பிள்ளை நடக்க ஏலாமல் போகும். பின்னர் இதயமும் மூச்சுத் தசைகளும் பலவீனமடையும். இது தொற்றுநோயல்ல. செய்வினையோ கண்ணூறோ அல்ல.

குற்றம் யாருடையது?

டுசேன் மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆண் பிள்ளை அதைத் தாயிடமிருந்தே பெறுகிறான். இதைக் கேட்டதும் "அவள் குடியில்தான் பழுது" என்று மருமகளைக் குத்திக் காட்டும் மாமிமார் இருக்கிறார்கள். தாய்வழியில் குடி எண்ணும் நமது கிழக்கு மாகாணத்தில் இந்தச் சொல் எவ்வளவு ஆழமாகத் தைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சகோதரிகளே, உண்மையைக் கேளுங்கள். இந்நோயுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் தாயிடம் அந்தப் பழுதே இல்லை. அது பிள்ளையில் புதிதாக உண்டானது. மற்றத் தாய்மாரும் தெரிந்து சுமந்தவர்கள் அல்லர். தன் கண்ணின் நிறத்தைத் தானே தெரிவு செய்த பெண் யார்? அல்லாஹ்வின் நாட்டத்தை ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லும் நாவு, அதே மூச்சில் ஒரு தாயைப் பழிக்கலாமா?

சொந்தத்தில் மணமுடித்தல்

மச்சான், மச்சாள் திருமணம் டுசேன் நோய்க்குக் காரணமல்ல. ஆனால் இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் சில வகைகளும், முதுகுத்தண்டு நரம்பு பாதிக்கப்பட்டுத் தசை மெலியும் நோயும் வேறு மாதிரியானவை. தாயும் தந்தையும் அதே பழுதை வெளித்தெரியாமல் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடில்லை. நெருங்கிய சொந்தத்தில் இவ்வாய்ப்பு கூடுகிறது. மார்க்கம் இத்தகைய திருமணத்தை அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. குடும்பத்தில் இந்நோய் இருந்தால் சம்பந்தம் பேசுமுன் வைத்திய ஆலோசனை பெறுவது புத்திசாலித்தனம்.

செய்ய வேண்டியவை

சந்தேகம் வந்தால் தாமதியாதீர்கள். கல்லடியிலும் காத்தான்குடியிலும் இருப்பவர்களுக்குப் பாலத்தைக் கடந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. முதலில் சீ.பீ.கே. என்னும் இரத்தப் பரிசோதனை. டுசேன் நோயில் அது பல ஆயிரக்கணக்கில் உயர்ந்திருக்கும். ஈரல் பரிசோதனை என்று நாம் அறிந்த எஸ்.ஜீ.பீ.டீ.யும் கூடலாம். அது தசையிலிருந்து வருவது. அதைக் கண்டு ஈரல் நோயென்று மருந்து கொடுத்துக் காலம் கடத்திவிடக் கூடாது. எந்த வகை என்பதை மரபணுப் பரிசோதனை காட்டும். 1983இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு இத்துறையில் பணியாற்றி வருகிறது. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே வகையை அறிந்துகொள்ளுங்கள். பழுதைச் சுமக்கும் தாய் தன் இதயத்தையும் பரிசோதிப்பது நல்லது.

முழுக் குணம் தரும் மருந்து இன்றுவரை இல்லை. மேல்நாடுகளில் வந்துள்ள புதிய மருந்துகள் மிக விலை கூடியவை, எல்லோருக்கும் பொருந்துபவையும் அல்ல. ஆனாலும் வைத்தியர் தரும் ஸ்டீராய்ட் மருந்து, மென்மையான தசைநீட்டல் பயிற்சி, இதய, சுவாசக் கவனிப்பு ஆகியவற்றால் இன்று பலர் முப்பது வயதைத் தாண்டி வாழ்கிறார்கள். எண்ணெய் பூசி முரட்டுத்தனமாக உருவ வேண்டாம். ஓதிப் பார்ப்பவர்கள் சிகிச்சையை நிறுத்திவிட வேண்டாம். மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணல்ல.

நிற்க ஏலாத பிள்ளை இருந்து தொழட்டும், அதுவும் ஏலாவிட்டால் சைகையால் தொழட்டும். அவனுடைய பாடசாலையை நிறுத்திவிடாதீர்கள். தமிழ்நாட்டின் சேலத்தில் வானவன்மாதேவி, இயலிசைவல்லபி என்ற சகோதரிகள், தாமே இந்நோயால் வருந்திக்கொண்டு, இத்தகைய நோயாளிகளுக்காக 2009இல் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். கால் தளர்ந்தாலும் அறிவும் மனமும் பயன் தரும் என்பதற்கு அவர்கள் சான்று.

உங்கள் அயலில் இப்படியொரு பிள்ளை இருந்தால், அந்த உம்மாவிடம் "யாருடைய குற்றம்?" என்று கேட்காதீர்கள். "கிளினிக்குக்கு நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். அவளுக்குத் தேவை அதுதான்.