பிறர் கைபட்ட கடிதங்கள்

ஒரு கவிஞரின் கடிதங்களைத் தொகுத்து நூலாக்குவது, கிடைத்த தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கி அச்சுக்கு அனுப்பும் வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். கவிதை நூலைப் பெரும்பாலும் கவிஞரே அச்சுக்குக் கொடுக்கிறார். கடிதமோ எழுதி அனுப்பிய அன்றே அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. பெற்றவர், அவருடைய வாரிசுகள், படியெடுத்தவர், ஏலத்தில் வாங்கியவர், வாழ்க்கை வரலாறு எழுத முனைந்தவர் என்று பலரிடம் கைமாறி, இடையில் சிலர் எரித்தும் கத்தரித்தும் திருத்தியும் விட்டுவைத்த மிச்சமே பதிப்பாசிரியரிடம் வந்து சேர்கிறது. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்துகொள்ள முடியும். கடிதத்துக்கோ பெரும்பாலும் ஒரே ஒரு பிரதிதான், சில வேளைகளில் அதுவும் இல்லை. எனவே கவிஞர் எழுதியதைப் படிப்பதோடு, அந்த எழுத்தின்மேல் பிறர் செய்த வேலையைக் கண்டறிந்து விலக்குவதும் பதிப்பாசிரியரின் பொறுப்பாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸின் கடிதங்கள் இதற்கு நல்ல சான்று.

கீட்ஸ் 1821 பிப்ரவரி 23 அன்று ரோம் நகரில் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 25. அவருடைய கடிதங்கள் பெருமளவில் முதன்முதலாக அச்சேறியது 1848-இல், ரிச்சர்ட் மாங்க்டன் மில்ன்ஸ் வெளியிட்ட இரண்டு தொகுதிகள் கொண்ட வாழ்க்கை வரலாற்றில்தான். கீட்ஸின் தம்பி ஜார்ஜ் 1818-இல் அமெரிக்காவுக்குக் குடியேறி அங்கேயே இறந்தவர். அவரிடமிருந்த கடிதங்கள் அவர் மனைவியிடம் தங்கின. அந்த அம்மையார் மறுமணம் செய்துகொண்ட ஜான் ஜெஃப்ரி என்பவர் 1845-இல் அக்கடிதங்களைப் படியெடுத்து மில்ன்ஸுக்கு அனுப்பினார். ஜெஃப்ரி புலமை சார்ந்த பயிற்சி உடையவர் அல்லர். தமக்கு முக்கியமில்லை என்று பட்ட பகுதிகளை விட்டுவிட்டார், விட்ட இடத்தில் எந்தக் குறியும் இடவில்லை, சில சொற்களை மாற்றி வாசித்தார். பின்னாளில் சில கடிதங்களின் மூலத்தாள்கள் கிடைத்து ஒப்பிட முடிந்ததால்தான் அவருடைய கவனக்குறைவு எவ்வளவு என்பது வெளிப்பட்டது. மூலம் கிடைக்காத கடிதங்களுக்கு இன்றுவரை அவர் எழுதிவைத்ததே ஆதாரம்.

அப்படி ஜெஃப்ரியின் படியில் மட்டுமே எஞ்சியிருக்கும் ஒரு கடிதத்தில்தான் கீட்ஸின் புகழ்பெற்ற ‘நெகட்டிவ் கேபபிலிட்டி’ என்ற கருத்து வருகிறது. ஐயத்திலும் புதிரிலும் சிக்கியிருக்கும்போது உடனடி விடைக்காகத் தவிக்காமல் அந்த நிலையிலேயே இருக்கத் தெரிவதே பெரும் படைப்பாளியின் பண்பு என்னும் அக்கருத்தை அவர் தம் கடிதங்களில் அந்தப் பெயரால் குறித்த இடம் இது ஒன்றே. அதன் சொற்கள் அத்தனையும் ஓர் அக்கறையற்ற எழுத்தரை நம்பி நிற்கின்றன. கடிதத்தின் தலைப்பில் ஜெஃப்ரி எழுதியிருக்கும் நாள் 1818 டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. ஆனால் அது கீட்ஸ் தம் இரு தம்பியருக்கும் சேர்த்து எழுதிய கடிதம். அவர்களுள் இளையவரான டாம் 1818 டிசம்பர் 1 அன்றே இறந்துவிட்டார், ஜார்ஜ் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கடல் கடந்துவிட்டார், போதாக்குறைக்கு அந்த ஆண்டில் டிசம்பர் 22 செவ்வாய்க்கிழமை. சரியான நாளைக் கடிதத்தின் உள்ளிருந்தே தேட வேண்டியதாயிற்று. நடிகர் எட்மண்ட் கீன் மீண்டும் மேடையேறிய செய்தியும், பதிப்பாளர் வில்லியம் ஹோன் வழக்கில் விடுதலையான செய்தியும் அதில் வருகின்றன. இரண்டும் 1817 டிசம்பர் நடுவில் நடந்தவை, அவற்றையடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை டிசம்பர் 21. அதே கடிதத்தில் கிறிஸ்துமஸ் பாண்டோமைம் நாடகத்துக்குப் போய்வந்த பேச்சும் இருக்கிறது. அவ்வகை நாடகங்கள் டிசம்பர் 26-ஐ ஒட்டித்தான் தொடங்கும் என்பதால், கடிதம் ஒரே நாளில் எழுதி முடிக்கப்பட்டதாக இருக்க முடியாது. ஹார்வர்ட் பேராசிரியர் ஹைடர் ராலின்ஸ் 1958-இல் வெளியிட்ட இரு தொகுதிப் பதிப்பில் இதற்கு இட்ட நாள்: 1817 டிசம்பர் 21, 27. இரண்டாம் எண்ணுக்குப் பக்கத்தில் அவர் ஒரு கேள்விக்குறியும் சேர்த்திருக்கிறார். நல்ல பதிப்பாசிரியரை அடையாளம் காட்டுவது பல வேளைகளில் அந்தக் கேள்விக்குறிதான்.

மூலத்தாள் கையில் இருந்தால் வேலை சற்று எளிது. அஞ்சல் முத்திரை நாளைச் சொல்லிவிடும். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியில் தாள் செய்த ஆண்டு இருந்தால், கடிதம் அதற்கு முற்பட்டதன்று என்பது உறுதியாகும். 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல் முறை வருவதற்கு முன், கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் அதைப் பெறுபவரே கொடுத்தார். உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்கிடப்படும் என்பதால் கடிதத்தையே மடித்து அரக்கு வைத்து ஒட்டினார்கள். தாள் நிரம்பிவிட்டால் அதைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதினார்கள். பிரிக்கும்போது அரக்கோடு கிழிந்துபோன மூலையில் இருந்த சொற்களை ஊகித்து நிரப்ப வேண்டும், நிரப்பியது ஊகமே என்று வாசகருக்குத் தெரியுமாறு அடைப்புக்குறிக்குள் இட வேண்டும். கவிஞர் அடித்த சொல்லுக்கு ஒருவகை அடைப்பு, கிழிந்த இடத்துக்கு வேறுவகை அடைப்பு என்று நூலின் தொடக்கத்திலேயே ஒரு விளக்கம் வந்துவிடும். கீட்ஸின் எழுத்துப் பிழைகளை மில்ன்ஸ் காலத்தவர் திருத்தி அச்சிட்டார்கள். ராலின்ஸ் அவற்றை அப்படியே விட்டார். வேகமாக எழுதும் மனிதரின் கை பிழையோடுதான் நமக்குத் தெரிகிறது என்பதால் ராலின்ஸின் வழியே சரி.

எதை அச்சிடுவது என்பதைவிட அச்சிடலாமா என்ற கேள்வியே ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது. ஆங்கிலச் சட்டப்படி கடிதத்தின் தாள் பெற்றவருக்கு உரியது, அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு உரியது. 1741-இல் கவிஞர் போப் தொடுத்த வழக்கில் நிலைபெற்ற நெறி இது. கீட்ஸ் மணமுடிக்க விரும்பிய ஃபேனி பிரான் அவருடைய கடிதங்களைச் சாகும்வரை பாதுகாத்தார். அவர் மறைவுக்குப் பின் ஹாரி பக்ஸ்டன் ஃபோர்மன் 1878-இல் அவற்றை நூலாக்கியபோது, ஒருவரின் அந்தரங்கத்தைக் கடைவிரித்ததாகக் கண்டனம் எழுந்தது. 1885-இல் தாள்களும் லண்டனில் ஏலம் போயின. 1891-இல் சிட்னி கால்வின் தம் தொகுப்பில் காதல் கடிதங்களை அறவே சேர்க்கவில்லை. ஃபேனி கீட்ஸுக்கு எழுதியவையோ கிடைக்கவில்லை. கடைசியாக வந்தவற்றைப் பிரிக்கவே கீட்ஸுக்கு மனவலிமை இல்லாததால், அவை அவருடனேயே புதைக்கப்பட்டன. ஒருபக்கக் குரலை மட்டும் கேட்டவர்கள் ஃபேனியை அன்பற்றவர் என்று பல ஆண்டுகள் ஏசினார்கள். கீட்ஸின் தங்கைக்கு ஃபேனி எழுதிய கடிதங்கள் 1930-களில் வெளிவந்த பிறகே அந்தப் பழி குறைந்தது.

பிறர் கைபட்ட கடிதங்களுக்கு இன்னொரு சான்று அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனுடையவை. அவர் 1886-இல் மறைந்ததும், அவருக்கு வந்த கடிதங்களை அவர் விருப்பப்படி தங்கை லவினியா எரித்துவிட்டார். எமிலி எழுதியவை மட்டும் பெற்றவர்களிடம் சிதறிக் கிடந்தன; மேபல் லூமிஸ் டாட் அவற்றைத் திரட்டி 1894-இல் வெளியிட்டார். டாட் அம்மையாருக்கும் எமிலியின் அண்ணன் ஆஸ்டினுக்கும் நெருங்கிய உறவு இருந்தது. எமிலியின் உற்ற தோழியோ ஆஸ்டினின் மனைவி சூசன். ஆஸ்டினுக்கு எமிலி எழுதிய கடிதங்களில் சூசனைப் பற்றிய இடங்கள் சுரண்டியும் வெட்டியும் அழிக்கப்பட்டிருக்கின்றன. அழித்த கை யாருடையது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்து நிற்கவில்லை. இங்கே சொல்லை மீட்பதோடு பதிப்பாசிரியர் நின்றுவிட முடியாது, அழிப்பையும் ஒரு செய்தியாகக் குறித்தாக வேண்டும்.

எமிலியிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. பல வேளைகளில் அவர் கடிதத்தின் இடத்தில் ஒரு கவிதையை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். உரைநடையாகத் தொடங்கிய வரிகள் எந்த இடத்தில் கவிதையாகின்றன என்று கோடு கிழிக்க முடிவதில்லை. தாமஸ் ஜான்சனும் தியோடோரா வார்டும் 1958-இல் வெளியிட்ட மூன்று தொகுதிகளில் கடிதங்கள் 1,049. கிறிஸ்டேன் மில்லரும் டோனல் மிச்செலும் 2024-இல் கொண்டுவந்த பதிப்பில் 1,304. இடைப்பட்ட காலத்தில் புதிதாகக் கிடைத்தவை மட்டும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அல்ல. முன்பு கவிதை என்று ஒதுக்கப்பட்ட பல தாள்கள், ஒருவருக்கு அனுப்பப்பட்டவை என்ற காரணத்தால் இப்போது கடிதமாக எண்ணப்படுகின்றன.