பழைய முகவரியா, மௌனமா?

1970களில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையிலிருந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு கோப்பில் அடங்கின. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. வலை பெருகியதும் அந்த ஏற்பாடு திணறியது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வகுத்தார். இணையதளத்தின் பெயரைத் தட்டினால் அதன் எண்ணைத் தேடித் தருவது இன்றும் அதுதான்.

முகவரி அடிக்கடி மாறாது என்ற நம்பிக்கையில் எழுந்தது டிஎன்எஸ். அதனால்தான் ஒருமுறை கிடைத்த விடையைக் கொஞ்ச நேரம் சேமித்து வைத்துக்கொள்ள அது அனுமதிக்கிறது. கிளவுடு வந்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பெரிய செயலி ஒன்றின் பின்னால் இன்று நூற்றுக்கணக்கான சிறு நிரல்கள் ஓடலாம். கூட்டம் கூடினால் புதுச் சர்வர்கள் முளைக்கும், குறைந்தால் அணையும். முளைக்கும் ஒவ்வொன்றுக்கும் புது முகவரி. பணம் வசூலிக்கும் நிரல், கணக்கு பார்க்கும் நிரலை எங்கே போய்த் தேடும்?

இதற்காகவே ஒரு பதிவேடு. ஒவ்வொரு நிரலும் வந்தவுடன் பெயரைப் பதிய வேண்டும், உயிரோடிருக்கும்வரை துடிப்பு அனுப்ப வேண்டும். துடிப்பு நின்றால் பெயர் அடிபடும். பதிவேடே விழுந்துவிடாதிருக்க அதைப் பல சர்வர்களில் நகலெடுத்து வைக்கிறார்கள். தலைவலி அங்கேதான் தொடங்குகிறது. நெட்வொர்க் நடுவில் அறுந்து, ஐந்து நகல்களில் மூன்று ஒருபக்கமும் இரண்டு மறுபக்கமும் சிக்கினால் யார் பேச்சை நம்புவது?

யாஹூவில் பிறந்த ஜூகீப்பரும், கோர்ஓஎஸ் 2013இல் வெளியிட்ட எட்சிடியும் பெரும்பான்மையை நம்புகின்றன. மூன்று இருக்கும் பக்கம் இயங்கும். இரண்டு இருக்கும் பக்கம் வாய் திறக்காது. தவறாகச் சொல்வதைவிடச் சொல்லாமலிருப்பதே மேல் என்ற கட்சி. 2012இல் நெட்ஃபிளிக்ஸ் பொதுவில் விட்ட யுரேகா நேர் எதிர்க்கட்சி: ஒவ்வொரு நகலும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லும், அது கொஞ்சம் பழசானாலும்.

யுரேகாவில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் தன்மீதான சந்தேகம். வழக்கமான அமைப்பில் 30 நொடிக்கு ஒரு துடிப்பு வர வேண்டும். 90 நொடி வராவிட்டால் பெயர் நீக்கப்படும். ஆனால் எதிர்பார்த்த துடிப்புகளில் 85 விழுக்காட்டுக்கும் குறைவாகவே வந்தால், அத்தனை பேருமா ஒரே சமயத்தில் செத்திருப்பார்கள், பழுது என் பக்கத்து நெட்வொர்க்கில்தான் என்று முடிவுகட்டி, எவர் பெயரையும் நீக்காமல் நிறுத்திக்கொள்ளும்.

ஹாஷிகார்ப்பின் கான்சல் (2014) இரண்டையும் கலந்தது. பதிவேட்டுக்குப் பெரும்பான்மை, யார் உயிரோடிருக்கிறார்கள் என்பதைச் சர்வர்களே தங்களுக்குள் விசாரித்துக்கொள்ளும். தட்டியும் கதவு திறக்காத வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்பதுபோல, பதில் வராத சர்வரை எட்டிப் பார்க்கும்படி வேறு சில சர்வர்களைக் கேட்கும். அவர்களாலும் எட்ட முடியாதபோதுதான் சந்தேகப் பட்டியல்.

எதைத் தேர்வது? முகவரி தேடுவது மட்டுமே வேலையென்றால் நான் யுரேகாவின் பக்கம். பழைய முகவரி கிடைத்தால் நிரல் ஒருமுறை மோதிவிட்டு அடுத்ததை முயலும். முகவரியே கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஆனால் இரண்டு சர்வர்களில் யார் தலைவர் என்று தீர்க்க வேண்டிய இடத்தில் இந்தத் தாராளம் ஆபத்து. இருவரும் தலைவராகி ஒரே கணக்கில் எழுதிவிடுவார்கள். அங்கே எட்சிடியோ ஜூகீப்பரோதான் வேண்டும். குபெர்னெட்டிஸ் என்ற மேலாண்மை அமைப்பில் நிரல்களை ஓட்டுபவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கவலையே இல்லை. மாறும் சர்வர்களின் முன்னால் மாறாத முகவரி ஒன்றை நிறுத்தி, அதை டிஎன்எஸ் வழியாகவே அது சொல்லிவிடுகிறது.

எந்தப் பதிவேட்டை வைத்தாலும் ஒரு தொல்லை மிச்சம். கூகுளின் உள்ளே பெயர் தேடவும் பயன்பட்ட சப்பி என்ற சேவை அபூர்வமாகவே விழுந்தது. அது விழவே விழாது என்று நம்பிப் பலரும் நிரல் எழுதினார்கள். எனவே ஒரு காலாண்டில் தானாகத் தடங்கல் போதிய அளவு நேராவிட்டால், பொறியாளர்களே அதை வேண்டுமென்று சிறிது நேரம் நிறுத்திவைத்து, அதன்மேல் அளவுமீறிச் சாய்ந்திருக்கும் நிரல்கள் எவையென்று கண்டுபிடித்தார்கள்.